12 துண்டு சேர்த்த வரிசை ஏன் குட்டையாகுது, பக்கத்து வரிசையோட ஏன் சேர மாட்டேங்குது

கேள்வியை ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன். பேட்ச்வொர்க் குயில்ட்டுக்கு, அதாவது துண்டு துணி சேர்த்து தைக்கிற போர்வைக்கு, 2.5 இஞ்ச் சதுரமா கலர் கலரா காட்டன் வெட்டி, வரிசைக்கு 12 துண்டுன்னு மெஷின்ல தைக்க ஆரம்பிச்சிருக்கீங்க. முதல் வரிசை 23.75க்கு 1/16 இஞ்ச் கூட வந்திருக்கு, ரெண்டாவது 24.25 வந்திருக்கு, ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஒரு ஜாயின்ட் கூட இன்னொண்ணுக்கு நேரா நிக்கல, வெட்டினதுல தப்பா தைச்சதுல தப்பான்னு கேட்டிருக்கீங்க. கூடவே, முதல் வரிசைய பிரஷர் ஃபுட் (துணிய மேலேர்ந்து அழுத்தி பிடிக்கிற பாகம்) ஓரத்தை பாத்து தைச்சேன், ரெண்டாவது வரிசைய ஊசிக்கு கீழ இருக்கிற பிளேட்ல போட்டிருக்கிற கால் இஞ்ச் கோட்டை பாத்து தைச்சேன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு.

வெட்டினது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். சந்தேகமா இருந்தா பத்து துண்டை ஒண்ணா அடுக்கி சீட்டுக்கட்டை தட்டுற மாதிரி மேஜை மேல ஓரத்தை தட்டி பாருங்க, எது நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு உடனே தெரிஞ்சிரும். அதுல ஒண்ணும் இல்லன்னா தையல் கணக்குக்கு வாங்க.

2.5 இஞ்ச் சதுரத்துல ரெண்டு பக்கமும் கால் கால் தையலுக்கு போனா வெளிய தெரியுறது 2 இஞ்ச். 12 துண்டுக்கு 24. வரிசையோட ரெண்டு கடைசிலயும் இன்னும் தைக்காத கால் இஞ்ச் இருக்கும், ஆக டேப் வெச்சு பாத்தா 24.5 வரணும். 12 துண்டுக்கு நடுவுல 11 தையல். இப்ப உங்க தையல் 1/32 இஞ்ச், அதாவது ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, அவ்வளவு உள்ள தள்ளி விழுந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு தையல்ல ரெண்டு துண்டு மாட்டுது, அதனால ஒவ்வொரு தையல்லயும் போறது 1/16. பழைய கணக்குல வீசம்னு சொல்லுவாங்களே அதுதான், கேக்க சின்னதாத்தான் இருக்கும், ஆனா 11 வீசம் சேர்ந்தா 11/16. 24.5ல அதை கழிச்சா 23 முழு இஞ்ச்சும் 13/16ம் மிஞ்சும், உங்க முதல் வரிசை அச்சு அசலா அதே அளவு. அதனால கை சரியில்ல, கண்ணு சரியில்லன்னு எல்லாம் யோசிக்காதீங்க, ஃபுட் ஓரம் ஊசிலேர்ந்து கால் இஞ்ச்ல இல்ல, அவ்வளவுதான். நிறைய வீட்டு மெஷின்ல கூட வர்ற சாதா ஃபுட் கால் இஞ்ச்சை விட அகலம்தான், ஏன்னா அதை ஜிக்ஜாக் போடுறதுக்கும் சேர்த்து பண்ணியிருப்பாங்க.

சரி, ரெண்டாவது வரிசை கோட்டை பாத்துத்தானே தைச்சேன், அதுவும் ஏன் கால் இஞ்ச் குறையுதுன்னு கேப்பீங்க. இங்கதான் எல்லாரும் குழம்புறது. நீங்க சரியா கால் இஞ்ச்ல தைச்சாலும், பின்பக்கம் நிக்கிற தையல் ஓரத்தை அயர்ன் பண்ணி ஒரு பக்கம் சாய்க்கும்போது துணி அந்த தையல் மேல ஏறி மடங்கணும் இல்லயா, அந்த மடிப்பு ஒண்ணு ரெண்டு இழையை தின்னுரும். துணியோட தடிமனும் நூலோட தடிமனும்தான் அது. தனியா பாத்தா தெரியாது, 11 தடவை நடந்தா கால் இஞ்ச் போயிருது. அதனால குயில்ட் தைக்கிறவங்க கால் இஞ்ச்னு வாயால சொல்றதை கையில ஒரு இழை கம்மியாத்தான் தைப்பாங்க. எவ்வளவு கம்மின்னு நான் ஒரு நம்பர் சொல்ல முடியாது, அது உங்க துணி, உங்க நூல், நீங்க அயர்ன் பண்ற விதம் மூணையும் பொறுத்தது, அதுக்குத்தான் கீழ ஒரு டெஸ்ட் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. வெறும் சதுரம் மட்டும் சேர்த்து தைக்கிற குயில்ட்ல, அளவு சரியா இருக்கிறதை விட எல்லா வரிசையும் ஒரே மாதிரி தப்பா இருக்கிறதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன். 20 வரிசையும் 23.75 வந்தா குயில்ட் முக்கால் இஞ்ச் சின்னதாகும், யாருக்கும் தெரியாது, ஜாயின்ட் எல்லாம் கச்சிதமா உக்காரும். ஒண்ணு 23.75, ஒண்ணு 24.25ன்னு வந்தாத்தான் வம்பு. உங்க தப்பு குறைஞ்சதுல இல்ல, நடுவுல வழிகாட்டிய மாத்தினதுல. ஆனா முக்கோணம் வெச்ச பிளாக், பெரிய சதுரம், பார்டர்னு வேற வேற அளவு ஒரே குயில்ட்ல வரப்போகுதுன்னா இந்த சலுகை கிடையாது, அப்ப நம்பரே சரியா வரணும்.

இப்ப டெஸ்ட். அதே துணில 1.5 இஞ்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டுங்க, நீளம் ஒரு நாலு இஞ்ச் போதும். மூணையும் பக்கத்துல பக்கத்துல சேர்த்து தைங்க, ரெண்டு தையல் வரும். நிஜமா வரிசைக்கு எப்படி அயர்ன் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க. நடு பட்டை நல்ல பக்கத்துலேர்ந்து பாத்தா சரியா 1 இஞ்ச் இருக்கணும், மொத்த அகலம் 3.5. நடு பட்டை 1 இஞ்ச்சுக்கு கம்மின்னா தையல் இன்னும் ஓரத்துக்கு போகணும், அதிகம்னா உள்ள வரணும். அளந்து, கொஞ்சம் நகத்தி, மறுபடி வேற மூணு பட்டை. ரெண்டு மூணு தடவைல பிடிபட்டுரும். நான் புது துணி, புது நூல் எடுக்கும்போதெல்லாம் இதை பண்றேன், சோம்பேறித்தனப்பட்டு பண்ணாம விட்ட ஒரு தடவை 9 வரிசை பிரிச்சேன்.

அந்த இடம் கிடைச்ச உடனே அதை மெஷின்ல நிரந்தரமா குறிச்சு வெக்கணும். சும்மா கோட்டை மட்டும் பாத்து தைச்சா கண்ணு ஒரு வரிசைல கோட்டுக்கு உள்ள நிக்கும், அடுத்ததுல வெளிய நிக்கும். நான் பண்றது என்னன்னா, கெட்டியான ஸ்கேலை ஃபுட்டுக்கு கீழ விட்டு, சக்கரத்தை கையால சுத்தி ஊசிய மெதுவா கால் இஞ்ச் கோட்டு மேல, அந்த டெஸ்ட்ல கண்டுபிடிச்ச ஒரு இழை கம்மியோட, இறக்கி நிறுத்துவேன். ஸ்கேல் நேரா இருக்கான்னு பாத்துட்டு அதோட வலது ஓரத்தை ஒட்டி பிளேட் மேல மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு அடுக்கா ஒட்டுவேன். ஒரே அடுக்கா ஒட்டினா வெறும் கோடுதான், நாலஞ்சு அடுக்குன்னா சின்ன சுவரு, துணி அதுல உரசிக்கிட்டே போகும், நம்ம ஊசிய பாக்கவே வேண்டாம். பாபின் மாத்த வழி விட்டு ஒட்டுங்க, பிளேட்ல துணிய இழுக்கிற பல்லு மேல டேப் படக்கூடாது.

மெஷின்ல ஊசிய இடது வலதா நகத்துற வசதி இருந்தா டேப் இல்லாமலே ஃபுட் ஓரத்துக்கு ஏத்த மாதிரி ஊசிய நகத்திக்கலாம். ஆனா ஒரு எச்சரிக்கை, ஒரே ஒரு குட்டி ஓட்டை இருக்கிற நேர்தையல் பிளேட் போட்டிருந்தீங்கன்னா ஊசிய நகத்தவே கூடாது, நேரா இரும்புல குத்தி உடைஞ்சு துண்டு கண்ணு பக்கமா பறக்கும்.

மெஷின் செட்டிங் பத்தி அதிகம் சொல்றதுக்கு இல்ல. தையல் நீளம் 2லேர்ந்து 2.5 மில்லிமீட்டர், மெல்லிசான காட்டன் நூல் 50ம் நம்பர், ஊசி 80ம் நம்பரோ 70ம் நம்பரோ, புதுசா. தடிமனான நூல் போட்டா மேல சொன்ன மடிப்பு இன்னும் அதிகமா தின்னும்.

துண்டோட முதல் மூலைய பிளேட்டுக்குள்ள இழுத்து சுருட்டிக்குதுன்னும் எழுதியிருந்தீங்க. அதுக்கு மருந்து ஒரு வேஸ்ட் துணி. ரெண்டு இஞ்ச் பழைய துண்டை மடிச்சு முதல்ல அதுல நாலு தையல் போட்டு, நூலை வெட்டாம அதுக்கு பின்னாடியே நிஜ துண்டை விடுங்க. அது முடிஞ்சதும் நூல் வெட்டாம அடுத்த ஜோடி, அதுக்கு அடுத்த ஜோடி, கொடியில தோரணம் மாதிரி வரிசையா வந்துக்கிட்டே இருக்கும், கடைசில இன்னொரு வேஸ்ட் துண்டுல முடிச்சு நிறுத்துங்க. நூலும் மிச்சம், மூலையும் சுருளாது. முன்னாடி பின்னாடி ரிவர்ஸ் தையல் போட வேண்டாம், அடுத்து குறுக்க வர்ற தையல் அதை பூட்டிரும். துணிய பின்னாடிலேர்ந்து இழுக்காதீங்க, ப்ளீஸ். இழுத்தா தையல் நெளியும், துண்டும் நீளும், அப்புறம் அளவு எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருப்போம்.

வெட்டும்போது துணியோட கரைய ஒட்டின நேர் இழை எதுன்னு பாத்துக்கோங்க. பாவு, அதாவது கரையோட நீளவாக்குல ஓடுற இழை, போற பக்கம் கிட்டத்தட்ட நீளவே நீளாது, ஊடை, அதாவது குறுக்கு இழை, பக்கம் கொஞ்சம் நீளும், கிராஸா போனா ரப்பர். துண்டு துக்கடா துணிலேர்ந்து வெட்டுறவங்க கிடைச்ச கோணத்துல வெட்டிருவாங்க, அந்த ஒரு துண்டு வரிசையவே கோணலாக்கும். பழைய உடுப்புலேர்ந்து வெட்டினா வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, நைஞ்ச இடம் தெரியும், அதை விட்டுருங்க. பனியன் துணி வேணும்னா பின்னாடி ஒட்டுற கேன்வாஸ் மெல்லிசா ஒட்டிட்டு வெட்டுங்க. சிவப்பு, கருநீலம் ரெண்டையும் ஈரமான வெள்ளை துணில தேய்ச்சு பாக்காம குயில்ட்ல சேர்க்காதீங்க.

கலர் அடுக்குறது. இதுக்கு ரூல் எல்லாம் சொல்லிக்கிட்டே போகலாம், எனக்கு உபயோகப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். எல்லா துண்டையும் தரைல பரப்பி போன்ல ஒரு போட்டோ எடுத்து அதை கருப்பு வெள்ளையா மாத்தி பாருங்க. கலர்ல பாக்கும்போது பச்சை பக்கத்துல சிவப்பு சூப்பரா தெரியும், கருப்பு வெள்ளைல ரெண்டும் ஒரே சாம்பலா இருக்கும், தூரத்துலேர்ந்து பாத்தா அந்த இடம் மொத்தமா ஒரு பொட்டலம் மாதிரி தெரியும். வெளுத்தது, நடுத்தரம், அடர்த்தி மூணும் கலந்து சிதறி இருந்தாத்தான் கலர் எல்லாமே தனித்தனியா பேசும். மஞ்சள் மட்டும் கம்மியா வெச்சாலே போதும், ஒரு வரிசைல ரெண்டு மஞ்சள் இருந்தா கண்ணு அது ரெண்டுக்கும் நடுவுலதான் ஓடிக்கிட்டு இருக்கும். போட்டோவை அழிக்காதீங்க, தைக்கும்போது ஏதாவது துண்டு இடம் மாறினா அதுதான் சாட்சி.

இப்ப தைக்கிற வரிசைமுறை. ஒண்ணோட ஒண்ணு, அதோட இன்னொண்ணுன்னு வால் நீட்டிக்கிட்டே போகாதீங்க. 12 துண்டை முதல்ல 6 ஜோடி, அயர்ன் பண்ணிட்டு அதை நாலு நாலு துண்டா சேர்த்து 3, கடைசில மூணையும் சேர்த்து ஒரே வரிசை. இதுல என்ன லாபம்னா நடுவுல நிறுத்தி அளக்க இடம் கிடைக்குது. ஜோடி 4.5 இஞ்ச் வரணும், நாலு சேர்ந்தது 8.5, முழு வரிசை 24.5. ஜோடிலயே 4 முழுசும் 7/16தான் வருதுன்னா அங்கயே பிடிச்சிடலாம், ஒரு தையலை பிரிக்கிறதோட போயிரும். வரிசைக்கு இடது கடைசி துண்டுல ஒரு குண்டூசியில சின்ன பேப்பர்ல நம்பர் எழுதி குத்தி வெச்சிருங்க, குயில்ட் முடியுற வரைக்கும் எடுக்காதீங்க. நான் ஒரு தடவை நம்பர் போடாம பூனை மேல நம்பிக்கை வெச்சு தரையிலயே விட்டுட்டு போனேன், திரும்பி வந்து பாத்தா பூனை என் டிசைனை விட நல்லா அடுக்கியிருந்துச்சு, அது வேற விஷயம்.

அயர்ன் பண்றதுதான் பாதி வேலை, அதை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. தைச்ச உடனே பிரிக்காம, தையல் எப்படி இருக்கோ அப்படியே மூடினபடி ஒரு தடவை சூடு வெச்சு எடுங்க, நூல் துணிக்குள்ள உக்காரும். அப்புறம் மேல் துண்டை விரலால திறந்து, நல்ல பக்கத்துலேர்ந்து அயர்ன் பாக்ஸை வெச்சு எடுக்கணும், வெச்சு எடுக்கணும். சட்டைக்கு தேய்க்கிற மாதிரி இழுத்தா வரிசை வில்லா வளைஞ்சிரும், அதை திருப்பி நேராக்கவே முடியாது. திறந்த இடத்துல சின்ன மடிப்பு மிச்சம் நிக்குதான்னு நகத்தை ஓட்டி பாருங்க, ஒவ்வொரு தையல்லயும் அப்படி ஒரு மடிப்பு நின்னா வரிசை குட்டைதான். உங்க ரெண்டாவது வரிசைய இன்னொரு தடவை இப்படி அழுத்தி பாருங்களேன், அதுலயே அரைக்கால் இஞ்ச் திரும்ப கிடைச்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எந்த பக்கம் சாய்க்கிறதுங்கிறது இன்னும் முக்கியம். 1, 3, 5 வரிசைல எல்லா தையலும் வலது பக்கம் சாயணும், 2, 4, 6ல எல்லாமே இடது பக்கம். அடர்ந்த கலர் பக்கம் சாய்க்கணும்னு படிச்சிருப்பீங்க, வெளுத்த துணிக்கு அடில கருப்பு ஓரம் நிழல் மாதிரி தெரியாம இருக்கிறதுக்கு அது. ஆனா கலர் கலரா கலந்த வரிசைல ரெண்டு ரூலும் சேர்ந்து வராது, அப்ப நான் வலது இடது ரூலைத்தான் வெச்சுப்பேன். நிழல் தெரியுற ஒண்ணு ரெண்டு இடத்துல கருப்பு ஓரத்தை ஒரு இழை கம்மியா கத்தரிச்சு விட்டா வெள்ளை ஓரத்துக்குள்ள ஒளிஞ்சிரும்.

வலது இடதுன்னு மாத்தி சாய்ச்சதோட பலன் ரெண்டு வரிசைய சேர்க்கும்போது தெரியும். நல்ல பக்கம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்குற மாதிரி வெச்சு, ஜாயின்ட் இருக்கிற இடத்தை கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு லேசா நகத்துங்க. மேல ஒரு மேடு ஒரு பக்கம், கீழ ஒரு மேடு எதிர் பக்கம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டி டக்னு நிக்கும். அந்த நிக்கிறதை விரல்தான் சொல்லும், கண்ணு சொல்லாது. அங்க குண்டூசி குத்துங்க, ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. தைக்கும்போது மேல் வரிசையோட மேடு ஊசிய பாத்து இருக்கிற மாதிரி வெச்சா இன்னும் நல்லது, ஃபுட் அதை தள்ளி கீழ் மேட்டோட சேர்த்து இறுக்கிரும். முதல் குயில்ட்ல நான் எல்லா வரிசையும் ஒரே பக்கம் சாய்ச்சிருந்தேன், ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தையல் ஓரம் எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு ஊசி ரெண்டு உடைஞ்சுச்சு, முடிச்ச குயில்ட்டை தடவினா மணல் மூட்டை மேல கை வெச்ச மாதிரி இருக்கும்.

ஒரு வரிசை மத்ததை விட கொஞ்சம் நீளமா இருந்தா நீளமானதை கீழ போடுங்க. கீழ இருக்கிற பல்லு அந்த அதிகப்படிய மெதுவா உள்ள வாங்கிக்கும், நம்ம ஜாயின்ட் ஜாயின்ட்டா குண்டூசி குத்தி பிரிச்சு விட்டா போதும். ரெண்டடி வரிசைல கால் இஞ்ச் வரைக்கும் இப்படி சமாளிக்கலாம், அதுக்கு மேல போனா சுருக்கம் விழும். அதனால உங்க ரெண்டாவது வரிசைய பிரிக்க வேண்டாம், வெச்சுக்கோங்க. முதல் வரிசைய மட்டும் பிரிங்க. கடைசி துண்டுல கொஞ்சம் துணி சேர்த்து நீளத்தை மட்டும் சரி பண்ணலாம்னு தோணும், பண்ணாதீங்க, நீளம் வரும், ஜாயின்ட் ஒண்ணு கூட வராது. பிரிக்கும்போது ஒரு பக்கத்துல மூணு நாலு தையலுக்கு ஒண்ணுன்னு ரிப்பரால வெட்டிட்டு மறு பக்கத்து நூலை பிடிச்சு இழுத்தா முழுசா உருவிக்கிட்டு வரும், துணி நீளாது. 11 தையல், அரை மணி நேர வேலை.

இன்னொரு வழியும் இருக்கு, கலர் ஒரே வரிசைமுறைல படிப்படியா நகர்ற டிசைன் வேணும்னா. தனித்தனி சதுரம் வெட்டாம 2.5 இஞ்ச் அகலத்துல நீள பட்டையா 12 கலர் வெட்டி பக்கத்துல பக்கத்துல தைச்சிருங்க, ஒரு தையல் மேலேர்ந்து கீழ, அடுத்தது கீழேர்ந்து மேல, எல்லாமே ஒரே திசைல தைச்சா மொத்தமும் வளையும். அப்புறம் முதல் பட்டையையும் கடைசி பட்டையையும் சேர்த்து தைச்சு குழாய் மாதிரி ஆக்கிட்டு, குறுக்க 2.5 இஞ்ச் 2.5 இஞ்ச்சா வெட்டினா வளையம் வளையமா வரும். 42 இஞ்ச் நீள பட்டைன்னா 16 வளையம். ஒவ்வொரு வளையத்துலயும் ஒரே ஒரு தையலை பிரிச்சா ஒரு வரிசை ரெடி, முதல் வளையத்துல சிவப்புக்கு முன்னாடி பிரிங்க, அடுத்ததுல சிவப்புக்கு அப்புறம், இப்படி ஒவ்வொரு கலரா தள்ளிக்கிட்டே போனா கலர் படிக்கட்டு மாதிரி சரிஞ்சு இறங்கும். 192 சதுரத்தை ஒண்ணொண்ணா வெட்டாம, தைக்காம வந்திரும். என்ன, எங்க எந்த கலர்ங்கிற சுதந்திரம் போயிரும், துண்டு துக்கடால பண்றவங்களுக்கு இது ஒத்து வராது.

நடுவுல முக்கோண சதுரம் சேர்க்கணும்னு ஆசைப்பட்டா 3 இஞ்ச் சதுரம் ரெண்டு எடுத்து, நல்ல பக்கம் உள்ள வர்ற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளி தைச்சு, கோட்டுல வெட்டுங்க, ரெண்டு கிடைக்கும். திறந்து அயர்ன் பண்ணிட்டு 2.5க்கு ஓரம் வெட்டிக்கோங்க. கொஞ்சம் பெருசா பண்ணி வெட்டிக்கிறது சரியா பண்ண முயற்சி பண்றதை விட எப்பவுமே நிம்மதி.

மெஷின் இல்லாம கையால தைக்கலாமான்னு கடைசில கேட்டிருந்தீங்க. தாராளமா. கையில தைக்கும்போது கணக்கே வேற, ஓரத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு துண்டோட பின்பக்கமும் 2 இஞ்ச் சதுரத்தை பென்சிலால வரைஞ்சு, அந்த கோட்டு மேலயே ஓட்டுத்தையல் போட்டு, கோட்டு மூலைல ஆரம்பிச்சு மூலைலயே முடிக்கணும். வெளிய விடுற துணி முன்னப்பின்ன இருந்தாலும் அளவு மாறாது. அஞ்சாறு தையலுக்கு ஒரு தடவை ஒரு பின்தையல், அவ்வளவுதான். மெதுவாத்தான் போகும், ஆனா மெஷின்ல வர்ற இந்த வீசக்கணக்கு தலைவலி அதுல இல்லவே இல்ல.

எல்லா வரிசையும் சேர்த்து முடிச்ச உடனே, பஞ்சு வெச்சு அடுக்குறதுக்கு முன்னாடி, நாலு பக்க ஓரத்தையும் சுத்தி அரைக்கால் இஞ்ச் உள்ள தள்ளி ஒரு சாதா தையல் ஓட்டி விட்டுருங்க. ரிவர்ஸ் தையல் போட வேண்டாம்னு சொன்னேன் இல்லயா, உள்ள இருக்கிற ஜாயின்ட்டை எல்லாம் குறுக்கு தையல் பூட்டிடுச்சு, வெளி ஓரத்துல இருக்கிறதை பூட்ட எதுவும் இல்ல, தூக்கி தூக்கி வெக்கும்போது அதுதான் முதல்ல வாய் பிளக்கும்.